அணையாத பச்சை விளக்கு: கொழுந்து மடுவ மென்பொருளில் அறுந்த இணைப்பைக் கண்டறிதல்

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். டிவிஷன் மடுவங்களில் (பறித்த கொழுந்தைச் சேர்த்து நிறுக்கும் கொட்டகைகளில்) நிறுக்கும் கொழுந்தின் கிலோ, பெக்டரி ஒபிசில் உள்ள சேர்வருக்கு உடனுக்குடன் போய்ச் சேரும்படி ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் அங்கே ஓடுகிறது. வந்த முறைப்பாடு இரண்டு. மடுவத்துத் திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்த நிறுவைகள் சில, பின்னேரம் எடுக்கும் செக்ரோல் (ஆட்களின் அன்றாட வேலை, கூலிக் கணக்கு) அறிக்கையில் இல்லை. வேறு சில நாட்களில் ஒரே நிறுவை இரண்டு முறை ஏறியிருக்கிறது. இரண்டு வேளையிலும் திரையின் கீழ்மூலையில் உள்ள இணைப்பு விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது.

இதைச் சின்ன வழு என்று தள்ளிவிட முடியாது. காலை, பகல், பின்னேரம் என மூன்று நிறுவையும் சேர்ந்துதான் ஒருவருடைய அன்றைய கிலோ. நடுவில் ஒன்று விழுந்தால் நோர்முக்கு (ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோ அளவுக்கு) கீழே போய் முழுப் பேர் (முழுநாள் கூலி) அரைப் பேராகிவிடும். மேலதிக கிலோவுக்கான காசும் போய்விடும். இரண்டு முறை ஏறினால் பெக்டரியில் லொரி இறக்கிய நிறையோடு மடுவக் கணக்கு ஒத்துவராது, நிறுவையைப் பதியும் கணக்கப்பிள்ளை பதில் சொல்ல வேண்டி வரும். சாக்கின் நிறையைக் கழிப்பது, மழைநாளில் ஈரத்துக்குக் கழிப்பது என்று நிறுவையைப் பற்றி ஏற்கனவே போதுமான வாக்குவாதம் உள்ள இடம் அது. மென்பொருளும் அதில் ஒரு காரணமாகக் கூடாது.

அமைப்பு

மடுவத்தில் ஒரு விண்டோஸ் 10 மடிக்கணினி. தொங்கு தராசின் சீரியல் வயர், யூ.எஸ்.பி. மாற்றி வழியாக அதில் ஏறுகிறது. மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிள், ஐந்து துளை கொண்ட சாதாரண சுவிட்ச்சுக்கு. சுவிட்ச்சிலிருந்து கூரைக் கம்பத்தில் உள்ள 5 கிகாஹேர்ட்ஸ் ரேடியோவுக்கு. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் பள்ளத்தாக்கைத் தாண்டி, பெக்டரிக் கூரையில் மறு ரேடியோ. அங்கிருந்து ஒபிஸ் சுவிட்ச், பிறகு லினக்ஸ் சேர்வர். மென்பொருள் சி ஷார்ப்பில், டாட்நெட் 6 விண்டோஸ் ஃபோர்ம்ஸ் ஆக எழுதப்பட்டது. சேர்வரோடு ஒரு டிசிபி சாக்கெட்டை, அதாவது தரவு போய்வரும் ஓர் இணைப்பு முனையை, திறந்து, வேலை முடியும்வரை அதையே வைத்துக்கொண்டிருக்கும்.

மடுவத்து சுவிட்ச்சுக்கும் ரேடியோவுக்கும் ஒரு சிறிய யூ.பி.எஸ். உண்டு. மடிக்கணினிக்கு அதன் பட்டரி உண்டு. ஆகவே கரண்ட் போனாலும் மடுவப் பக்கத்தில் எல்லா விளக்கும் எரியும். விழுவதெல்லாம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம்தான். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

விளக்கு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?

பழைய நிரலில் மூன்று சோதனைகள் இருந்தன. மூன்றும் பச்சை என்றால் விளக்கும் பச்சை.

முதலாவது, ஐந்து விநாடிக்கு ஒருமுறை ‘கெட் இஸ் நெட்வொர்க் அவைலபிள்’ என்ற செயற்கூற்றை அழைப்பது. கணினியில் உள்ள ஏதாவது ஒரு வலையமைப்பு இடைமுகம் மேலே இருந்தால் இது ‘ஆம்’ என்று சொல்லிவிடும். மெய்நிகர் கணினி மென்பொருள் போட்டு வைத்த கற்பனை அடாப்டரும் இதற்கு ஓர் இடைமுகம்தான். நமது அமைப்பில் அடாப்டருக்குத் தெரிந்தது மடுவத்து சுவிட்ச் மட்டுமே, அது யூ.பி.எஸ்.ஸில் ஓடுவதால் பதில் எப்போதும் ‘ஆம்’. வலையமைப்பு மாறும்போது விண்டோஸ் எழுப்பும் நிகழ்வு அறிவிப்புகளுக்கும் இதே கண்தான். கண்ணுக்கு எட்டாதது நடந்தால் அவை வாயைத் திறப்பதில்லை.

இரண்டாவது, சாக்கெட்டின் ‘கனெக்டட்’ பண்பு. பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர். அந்தச் சாக்கெட்டில் கடைசியாகச் செய்த அனுப்பலோ பெறலோ எப்படி முடிந்தது என்பதைத்தான் அது சொல்லும். அதற்குப் பிறகு ஒன்றும் அனுப்பாமல் இருந்தால், சேர்வர் எரிந்து சாம்பலானாலும் அது ‘ஆம்’ என்றே நிற்கும். இதற்கு மாற்றாக, ‘போல்’ அழைப்பையும் ‘அவைலபிள்’ பூச்சியமா என்பதையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் உத்தி பரவலாகப் புழங்குகிறது. மறுபக்கம் முறையாக மூடியிருந்தால் அது பிடிக்கும். மறுபக்கம் ஓசையில்லாமல் மறைந்திருந்தால் பிடிக்காது.

மூன்றாவது, கூகிளின் பொது டிஎன்எஸ் முகவரிக்கு ஒரு பிங், அதாவது ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு செய்தி. இந்தச் சோதனை எதற்காக இங்கே வந்தது என்பதே புரியவில்லை. மடுவத்து சுவிட்ச்சில் ஒரு 4ஜி ரவுட்டரும் மாட்டியிருந்ததால், பெக்டரி இணைப்பு விழுந்திருந்தாலும் இணையம் இருந்தது; பிங் போய் வந்தது. விண்டோஸின் பணிப்பட்டியில் தெரியும் ‘இணைய அணுகல்’ குறியும் இப்படித்தான்: மைக்ரோசொஃப்டின் ஒரு சோதனைப் பக்கம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வது. உங்கள் சேர்வரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கேபிளைக் கழற்றிப் பார்த்த சோதனை

இந்த நிரல் சோதனைக்கு உட்படாமல் வந்ததல்ல. மடிக்கணினியின் கேபிளைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். விளக்கு உடனே சிவப்பாகியிருக்கிறது. சரி என்று விட்டுவிட்டார்கள். கேபிளைக் கழற்றினால் அடாப்டருக்கு நேராகத் தெரியும், நிகழ்வும் எழும். அந்த ஒரு வகை அறுதலைத்தான் இந்த நிரலால் காண முடியும், சோதித்ததும் அந்த ஒன்றைத்தான்.

நிஜத்தில் நடப்பதைக் காண இரண்டு வழி. பெக்டரிக் கூரை ரேடியோவின் மின்னை நிறுத்துங்கள். அல்லது சேர்வரின் தீச்சுவரில், மடுவத்து முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டுகளைச் சத்தமின்றிக் கீழே போடும் விதியைச் சேருங்கள். ‘நிராகரி’ என்ற விதியைச் சேர்க்கக் கூடாது. நிராகரித்தால் ஒரு மறுப்புச் செய்தி திரும்பி வரும், மென்பொருளும் உடனே விழித்துக்கொள்ளும், சோதனை பொய்யாகும். லினக்ஸில் வலையமைப்புக் கோளாறைச் செயற்கையாக உண்டாக்கும் ‘நெட்எம்’ கொண்டு முப்பது சதவீதப் பாக்கெட்டை விழவைத்தும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். முழுதாக அறுவதைவிட அரைகுறையாக அறுவதுதான் அதிகம் தொல்லை தரும்.

ரேடியோவை நிறுத்திவிட்டுப் பழைய பதிப்பை ஓட்டும்போது பதிவேட்டில் விழும் வரிகள் இந்த மாதிரி:

10:41:02 – கூரை ரேடியோ நிறுத்தம்
10:41:05 – வலையமைப்பு உண்டு: ஆம்
10:41:07 – பதிவு 0312 அனுப்பல்: வெற்றி
10:41:09 – பதிவு 0313 அனுப்பல்: வெற்றி
10:41:10 – வலையமைப்பு உண்டு: ஆம்
10:41:12 – பதிவு 0314 அனுப்பல்: வெற்றி

அதே நேரத்தில் இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட்டைத் தட்டினால் அந்த இணைப்பு ‘எஸ்டாப்ளிஷ்ட்’ (இணைப்பு உண்டு) என்றுதான் காட்டும். போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால்தான் கதை தெரியும்: 0312-க்குரிய பாக்கெட் திரும்பத் திரும்பப் போகிறது, ஒவ்வொரு முறையும் இடைவெளி இரட்டிக்கிறது, பதில் ஒன்றும் வரவில்லை.

‘வெற்றி’ என்ற சொல்லில்தான் குழி. சாக்கெட்டில் அனுப்பும் அழைப்பு வெற்றியோடு திரும்பினால், பைட்டுகள் இந்தக் கணினியின் அனுப்பு இடையகத்தில் ஏறிவிட்டன என்பது மட்டுமே பொருள். தபால்பெட்டியில் போட்ட கடிதம் மாதிரி. விண்டோஸ் இயல்பாக ஐந்து முறை மறு அனுப்பல் செய்துவிட்டுத்தான் கைவிடும், அதன் பிறகே 10053 அல்லது 10060 என்ற பிழை வரும். அதற்குள் கணக்கப்பிள்ளை வரிசையில் அடுத்தடுத்த ஆட்களை நிறுத்து முடித்திருப்பார். பழைய நிரலோ பிழை வந்ததும் சாக்கெட்டை மூடிப் புதிதாகத் திறந்தது. இடையகத்தில் கிடந்த பதிவுகள் சாக்கெட்டோடு மறைந்தன. முதல் முறைப்பாட்டின் காரணம் இதுதான்.

பதிவே போகாத நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். காலை நிறுவை முடிந்து பகல் நிறுவைவரை மணிக்கணக்கில் மௌனம். அந்த இடைவெளியில் பெக்டரியில் கரண்ட் போய் வந்து சேர்வர் மறுபடி எழுந்திருந்தால், பழைய இணைப்பு பற்றி அதற்கு நினைவே இருக்காது. மடுவமோ இன்னும் இணைப்பு உண்டு என்றே இருக்கும். பகல் நிறுவையின் முதல் பதிவு போனதும் சேர்வர் ஒரு ‘ரீசெட்’ அனுப்பும், 10054 பிழை வரும், அந்த முதல் பதிவு போய்விடும். அறிக்கையில் காணாமல் போனவற்றில், நிறுவை வரிசையின் முதல் ஆள் அடிக்கடி இருந்ததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது முறைப்பாடு இதன் மறுபக்கம். பதிவு சேர்வருக்குப் போய்ச் சேர்ந்து தரவுத்தளத்திலும் ஏறிவிட்டது. ‘கிடைத்தது’ என்ற பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்தது. கணக்கப்பிள்ளை பிழைச் செய்தியைப் பார்த்து மறுபடி அழுத்துகிறார். சேர்வருக்கு அது புதிய பதிவு. அடையாள எண்ணை சேர்வர் கொடுக்கும்படி வடிவமைத்திருந்ததால், இரண்டும் ஒன்றே என்று அறிய அதற்கு வழியில்லை.

கீப்அலைவ் போதுமா?

முதலில் தோன்றும் மருந்து டிசிபியின் கீப்அலைவ்: மௌனமாகக் கிடக்கும் இணைப்பை அவ்வப்போது தட்டிப் பார்க்கும் வசதி. அதைப் போடத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அதன் இயல்பு மதிப்பு இரண்டு மணித்தியாலம். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதுவே. அதன் பிறகு விண்டோஸ் விநாடிக்கு ஒன்றாகப் பத்து முறை தட்டிப் பார்க்கும். லினக்ஸ் 75 விநாடிக்கு ஒன்றாக ஒன்பது முறை. இயல்பு மதிப்போடு விட்டால் காலையில் அறுந்தது மத்தியானத்தில்தான் தெரியும். டாட்நெட் கோர் 3.0 முதல் இந்த மூன்று மதிப்புகளையும் சாக்கெட்டுக்குச் சாக்கெட் மாற்றலாம். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இங்கே 20 விநாடி மௌனம், 5 விநாடி இடைவெளி, 3 முறை என்று வைக்கப்பட்டது.

குறை இரண்டு. அனுப்பிய பைட்டுகள் பதிலில்லாமல் நிலுவையில் இருக்கும்போது கீப்அலைவ் வேலை செய்யாது. அப்போது ஆட்சி மறு அனுப்பல் கடிகாரத்திடம். லினக்ஸில் அது 15 முறை முயலும், ஏறத்தாழ 15 நிமிடத்துக்குப் பிறகே விடும். சேர்வர் பக்கத்தில் ‘டிசிபி யூசர் டைம்அவுட்’ என்ற தெரிவை 30 விநாடிக்கு வைத்து இதைச் சுருக்கலாம். மற்றது, கீப்அலைவுக்குப் பதில் சொல்வது இயக்க முறைமை. சேர்வர் நிரல் பூட்டுப்பட்டுக் கிடந்தாலும், தரவுத்தளம் நின்றுபோயிருந்தாலும், இயக்க முறைமை ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

புதிய பதிப்பு

அடிப்படை மாற்றம் ஒன்றுதான்: விளக்கின் நிறத்தை இனி அடாப்டர் தீர்மானிக்காது, சேர்வரிடமிருந்து கடைசியாகப் பைட் வந்த நேரம் தீர்மானிக்கும்.

வேறு ஒன்றும் அனுப்பாத வேளையில் பத்து விநாடிக்கு ஒரு ஹார்ட்பீட், அதாவது ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் சிறு செய்தி, போகிறது. அதில் ஒரு வரிசை எண். சேர்வர் அதே எண்ணைத் திருப்பித் தர வேண்டும். எந்தப் பதில் வந்தாலும், அது ஹார்ட்பீட்டுக்கோ பதிவுக்கோ, கடிகாரம் பூச்சியத்துக்குத் திரும்பும். 15 விநாடி மௌனம் என்றால் மஞ்சள். 25 விநாடி என்றால் சிவப்பு, சாக்கெட் மூடப்படும். ஒரு ஹார்ட்பீட் தவறியதற்காக மூடிவிடக் கூடாது. அடைமழையில் ரேடியோ வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் நேரத்தில் ஒன்றிரண்டு தாமதமாவது சாதாரணம். நேரத்தை அளக்க ‘ஸ்டொப்வொட்ச்’. கணினியின் நாட்கடிகாரத்தை வைத்து அளந்தால், நேர ஒத்திசைவு நடக்கும்போது கடிகாரம் குதித்து, நல்ல இணைப்பும் சிவப்பாகும்.

எழுதும்போது தவறக்கூடிய இடங்கள் சில. பழைய நிரலில் பொத்தானும் டைமரும் ஒரே சாக்கெட்டில் வெவ்வேறு த்ரெட்டிலிருந்து (நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்களிலிருந்து) எழுதின. ஹார்ட்பீட்டும் சேரும்போது பைட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். ஆகவே எழுதுவதற்கு ஒரே ஒரு வழி: எல்லாம் ஒரு வரிசையில் சேர்ந்து, ஒரு பணி மட்டும் அதிலிருந்து எடுத்து எழுதும். டிசிபி ஒரு தொடர் ஓடை, அதற்குச் செய்தி எல்லை தெரியாது. எனவே ஒவ்வொரு செய்தியின் தலையிலும் நான்கு பைட் நீளம். படிக்கும் அழைப்பு பூச்சியம் பைட் தந்தால் மறுபக்கம் மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காமல் சுழலைத் தொடர்ந்தால் சீபியூ நூறு சதவீதத்துக்கு ஏறும்.

‘ரிசீவ் டைம்அவுட்’ மதிப்பை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: அது ஒத்திசைவான அழைப்புக்கு மட்டுமே. பதிலுக்குக் காத்து நிற்காத ‘ஏசிங்க்’ முறையில் படிக்கும்போது அது பார்க்கப்படுவதே இல்லை. ரத்து டோக்கன் கொடுக்க வேண்டும். ரத்தான பிறகு அதே சாக்கெட்டைத் தொடர்ந்து பாவிக்கவும் கூடாது. செய்தியின் பாதியில் நின்றிருக்கலாம். மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பதே பாதுகாப்பு. நிலைமை மாற்றத்தைத் திரைக்குச் சொல்லும்போது ‘பிகின் இன்வோக்’ வழியாகத் திரையின் த்ரெட்டுக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சில கணினியில் ஓடும், சிலவற்றில் விழும்.

மறு இணைப்பு 1, 2, 4, 8 என்று இரட்டித்து 30 விநாடியில் நிற்கும்; ஒவ்வொன்றிலும் சிறிது தற்செயல் மாற்றம். பெக்டரியில் கரண்ட் வந்த கணத்தில் எல்லா மடுவங்களும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டாமல் இருக்க இது. இணைக்கும் முயற்சியை இயக்க முறைமையிடம் விட்டால் விண்டோஸ் ஏறத்தாழ 21 விநாடி காத்திருக்கும். நாமே 5 விநாடியில் வெட்டுகிறோம். பழைய வலையமைப்பு மாற்ற நிகழ்வுகளைத் தூக்கி எறியவில்லை. அவை வந்தால் காத்திருப்பை விட்டு உடனே முயல்கிறோம். வெறும் துப்பு என்ற அளவில் அவை நல்லவை, தீர்ப்பு என்ற அளவில் அல்ல. சேர்வரிலும் ஒரு விதி: அதே மடுவ எண்ணோடு புதிய இணைப்பு வந்தால் பழையதைக் கேள்வியின்றி மூடு.

இவ்வளவும் அறுதலைக் கண்டறிவதற்கு. கிலோவைக் காப்பாற்றியது வேறு மாற்றம். தராசு நிலைத்ததும், எதையும் அனுப்புவதற்கு முன், பதிவு மடிக்கணினியிலேயே எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் கோப்பில் ஏறுகிறது: மொத்த நிறை, கழிவு, மிச்சம், நேரம், அதோடு அங்கேயே பிறக்கும் ஒரு தனித்துவ அடையாள எண். எஸ்க்யூலைட் ‘வால்’ (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பில் எழுதும் முறையில், ஓடுகிறது. ‘சிங்க்ரனஸ்’ மதிப்பு ‘ஃபுல்’. ‘நோர்மல்’ என்றால் வேகம் கூடும், ஆனால் பட்டரி தீர்ந்து கணினி சட்டென நின்றால் கடைசிப் பதிவுகள் போகலாம். சேர்வர் ‘கிடைத்தது’ என்று அந்த எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகே பதிவு நிலுவையிலிருந்து நீங்கும். சேர்வர் அட்டவணையில் அந்த எண்ணுக்குத் தனித்துவக் கட்டுப்பாடு; இரண்டாம் முறை வந்தால் ‘ஏற்கனவே உண்டு’ என்று வெற்றியாகவே பதில். எத்தனை முறை அனுப்பினாலும் ஒரு நிறுவை ஒன்றுதான்.

‘சேமிக்கப்பட்டது’ என்ற வாசகம் நீக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ‘இங்கே பதிவு’ அல்லது ‘பெக்டரியில் பதிவு’ என்று இருக்கும். விளக்கின் பக்கத்தில் நிலுவை எண்ணிக்கை. சிவப்பு எரிந்தாலும் நிறுவை நிற்பதில்லை. மழையில் சாக்கோடு நிற்கும் ஆட்களைச் சேர்வருக்காகக் காக்கவைப்பதில் ஒரு நியாயமும் இல்லை.

பனிமூட்டத்தின் மேல் பழி

இணைப்பு விழுந்தால் மலையில் எல்லோரும் முதலில் கை நீட்டுவது பனிமூட்டத்தை நோக்கி. 5 கிகாஹேர்ட்ஸில், ஒன்றரைக் கிலோமீட்டரில், மூட்டத்தால் வரும் இழப்பு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. நனைந்த இலை வேறு விஷயம். இந்தத் தூரத்தில் நடுவழியில் ஃப்ரெனெல் வலயத்தின் (இரு ரேடியோக்களுக்கிடையே அலை பரவிப் போகும் வெளியின்) ஆரம் சுமார் 4.5 மீட்டர், அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 2.7 மீட்டர், திறந்திருக்க வேண்டும். ரேடியோ பூட்டிய நாளில் எட்டாமல் இருந்த கிரவிலியா நிழல்மரம் சில வருடத்தில் அதற்குள் தலையை நீட்டிவிடும். வெயிலில் ஓரளவு ஓடும், மழையில் விழும், பழி பனிக்கு. கிளை வெட்டினால் தீரும்.

சரியாக ஒரு நிமிடம் விழுந்து தானாக எழும் அறுதல் பதிவேட்டில் தெரிந்தால், ரேடியோவின் அலைவரிசையைப் பாருங்கள். ராடார் பாவிக்கும் அலைவரிசைகளில், ராடார் போன்ற ஒன்று கேட்டதும் ரேடியோ இடம் மாறும். புதிய இடமும் அவ்வகை என்றால் 60 விநாடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேசத் தொடங்கும். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் பின்னேர இடியோடு வரும் அறுதல்களுக்கு, கம்பத்தின் புவித்தொடுப்பையும் மின்னல் காப்பையும் முதலில் சோதிக்க வேண்டும். நிரலால் ஆவது ஒன்றுமில்லை.

மாற்றத்துக்குப் பின்

அதே கூரை ரேடியோவை நிறுத்தினால் விளக்கு 15 விநாடியில் மஞ்சள், 25-இல் சிவப்பு. ரேடியோ திரும்பியதும் நிலுவை இருபது இருபதாகப் போகிறது, பழையது முதலில். ‘கிடைத்தது’ பதிலை மட்டும் தீச்சுவரில் தடுத்து, பதிவை உள்ளே விட்டு, மடுவத்தைப் பலமுறை மறு அனுப்பல் செய்யவைத்தாலும் அட்டவணையில் ஒரு வரிதான்.

புதிதாக ஒரு சிக்கலும் வந்தது. ஹார்ட்பீட்டுக்குப் பதில் சொல்வதற்கு முன் சேர்வர் தரவுத்தளத்தில் ஒரு சிறு வினவலை ஓட்டும்படி முதலில் எழுதப்பட்டிருந்தது. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும்போது தரவுத்தளம் திணறி, எல்லா மடுவங்களிலும் ஒரே நேரத்தில் சிவப்பு. எல்லாம் இணைப்பை மூடித் திறக்க, திணறல் இன்னும் கூடியது. இப்போது ஹார்ட்பீட் பதில் உடனே போகிறது. தரவுத்தளம் கடைசியாக எப்போது பதிலளித்தது என்ற நேரம் அதற்குள் தனி எண்ணாக வருகிறது. அந்த எண் 60 விநாடியைத் தாண்டினால் விளக்கின் அருகே ‘பெக்டரி மெதுவாக உள்ளது’ என்று மட்டும் காட்டும், சாக்கெட் மூடப்படாது.

தீராமல் இருப்பது மடிக்கணினி மாற்றம். பழுதான கணினியைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைத்தால், பழையதில் இருந்த நிலுவை அதோடு திருத்தும் கடைக்குப் போய்விடும். அது தீரும்வரை நடைமுறை இதுதான்: கணினியைக் கழற்றும் முன் நிலுவை எண்ணிக்கை பூச்சியமா என்று பார்ப்பது. பூச்சியம் இல்லையென்றால், கழற்றிய கணினியை நேரே பெக்டரி ஒபிஸ் சுவிட்ச்சில் செருகி நிலுவை முழுவதும் ஏறிய பிறகே வெளியே கொடுப்பது. கணினி எழும்பவே இல்லையென்றால், அதன் டிஸ்க்கைக் கழற்றி எஸ்க்யூலைட் கோப்பை எடுக்க வேண்டும். எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் ‘வால்’ கோப்பையும் சேர்த்து எடுங்கள். கடைசி நிறுவைகள் அதற்குள்தான் இருக்கும்.